அப்பாவுக்குப் பதிலாகத் தலையைக் காட்டப் போனேன்

எந்த வீட்டிலும் பத்து நிமிடத்துக்கு மேல் உட்காராத என் அன்பு அப்பாவுக்கு,

வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன். ஹால் விளக்கைப் போடவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கைப்பேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள். லிப்ட் ஏறி வருகிற சத்தம் கேட்டால் எழுதுவதை நிறுத்திவிடுவேன். அது நம் மாடியில் நிற்காமல் மேலே போன பிறகுதான் மறுபடி தொடங்குவேன்.

அம்மா வேலைக்குப் போயிருக்கிறார். உங்களுக்கு இது தெரியாது. தீபாவளிக்கு முன்னால் இருந்தே அம்மாவுக்கு நைட் ஷிப்ட். பாயான் லெப்பாஸில் அதே தொழிற்சாலைதான். ஆனால் ராத்திரி வேலைக்கு மேற்கொண்டு பணம் கொடுக்கிறார்கள். கம்பெனி பஸ் கீழே சாலையில் வந்து நிற்கும். அம்மா இறங்கிப் போவார், நான் உள்ளே பூட்டிக்கொள்வேன். விடிந்த பிறகு வருவார். வேலை செய்கிற இடத்துக்குக் கைப்பேசியைக் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். அதனால் நான் கூப்பிட்டாலும் அது பூட்டிய பெட்டிக்குள் கிடந்து அடிக்கும்.

இது யாருக்கும் தெரியக் கூடாது. முக்கியமாகப் பெரியப்பாவுக்குத் தெரியக் கூடாது. உங்களுக்கு வருஷ திவசம் கொடுத்த அன்று, சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே அவர் அம்மாவிடம் சொன்னார்: "ராத்திரி வேலைக்கு மட்டும் போயிடாத. அப்படிப் போறதா இருந்தா புள்ளைய எங்க வீட்டுல விட்டுடு. புக்கிட் மெர்தாஜாம் என்ன சீமையிலயா இருக்கு? பாலத்தைத் தாண்டினா வந்துடுச்சு." கோபமாகச் சொல்லவில்லை, அப்பா. உங்கள் அண்ணனுக்குக் கோபமே வராது. அதனால்தான் பயமாக இருந்தது. அம்மா, "பகல் வேலைதான் மாமா," என்று சொல்லிவிட்டார். அப்போது அது உண்மைதான்.

இப்போது நாங்கள் இரண்டு பேரும் என்ன செய்கிறோம் தெரியுமா? உங்கள் வேலையைச் செய்கிறோம். எல்லா விசேஷத்துக்கும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருகிறோம்.

ஞாயிற்றுக்கிழமைகள் ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் பள்ளி வேன் ஓட்டியதால் நம் டத்தோ கிராமாட் பகுதியில் பாதி வீட்டுப் பிள்ளைகள் உங்கள் வேனில்தான் போனார்கள். அவர்கள் வீட்டில் கல்யாணம், சடங்கு, புதுவீடு என்றால் பத்திரிகை உங்களுக்கு வந்துவிடும், துக்கம் என்றால் செய்தி வந்துவிடும். "தலையைக் காட்டிட்டு வந்துடலாம், வாம்மா," என்று என்னையும் ஏற்றிக்கொள்வீர்கள். வேனைச் சாலையைப் பார்த்த மாதிரித்தான் நிறுத்துவீர்கள். உள்ளே போனதும் வீட்டில் பெரியவர் யார் என்று தேடிப் பிடித்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் பேசுவீர்கள். பந்தியில் நடுவில் உட்காரவே மாட்டீர்கள். ஒரு கிளாஸ் பாண்டுங் ரோஸ் பால் குடிப்பீர்கள், சாப்பிடாமல் போனார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. அடுத்த கூட்டம் வாசலில் நுழைகிற நேரம் பார்த்து என் தோளைத் தொடுவீர்கள். எழுந்துவிட வேண்டும். யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டீர்கள். சொன்னால் பிடித்து உட்கார வைத்துவிடுவார்களாம்.

அம்மா உங்களைக் கேலி செய்துகொண்டே இருப்பார். "உங்கப்பா இந்தப் பினாங்குல இத்தனை கல்யாணத்துக்குப் போயிருக்காரு, ஒரு தாலி கட்டறதக் கண்ணால பாத்ததில்ல. எங்க கல்யாணத்துல மட்டும் முழுசா இருந்தாரு. அதுவும் எங்கண்ணன் வாசல்ல நின்னதால." நீங்கள் சிரித்துக்கொண்டே தண்ணீர்மலை முருகன் கோயிலைப் பேச்சில் இழுப்பீர்கள். "முருகனையே நான் தலையைக் காட்டிட்டுத்தான் வர்றேன். அவரே கோவிச்சுக்கல, இவங்க என்ன?"

பிறகு அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு, "சொல்லிட்டு வரணும்ங்க. அதுதான் மரியாதை," என்பார். இதை அவர் எத்தனை தடவை சொல்லியிருப்பார்? நான் அதைத்தான் பிடித்துக்கொண்டேன். அதனால் வந்த வினையைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

அதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் எங்கள் வீட்டுக்கும் தலையைக் காட்டத்தான் வந்தீர்களா, அப்பா? காலையில் பிள்ளைகளை எல்லாம் பள்ளியில் இறக்கிவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேனிலேயே சாய்ந்துவிட்டீர்கள் என்றார்கள். அன்று காலையில் என்னையும் இறக்கிவிட்டீர்கள். நான் ஓட்டமாகப் போய்விட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

உங்கள் துக்கத்துக்கு வந்த கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கார் நிறுத்த இடமில்லை. நாசி கண்டார் சாப்பாட்டுக் கடைக்காரர் கடையை அடைத்துவிட்டு வந்தார். சீனப் பிள்ளைகளின் அம்மாக்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். எல்லோரும் வந்தார்கள், கொஞ்ச நேரம் உட்கார்ந்தார்கள், எழுந்து போனார்கள். ஒருவர்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. நான் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவை தலையை நிமிர்த்தும்போதும் நாற்காலிகள் காலியாகிக்கொண்டே வந்தன. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எல்லோரும் உங்களிடம் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். இனி நான் எந்த வீட்டுக்குப் போனாலும் சொல்லாமல் வரக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. துக்க வீடு என்று ஒரு வருஷம் யாரும் எங்களைக் கூப்பிடவும் இல்லை.

வருஷம் திரும்பியதும் பத்திரிகைகள் வர ஆரம்பித்தன. அம்மா யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "போகலன்னா என்ன ஆச்சுன்னு பாக்க வீட்டுக்கு வந்துடுவாங்க. போய்த் தலையைக் காட்டிட்டு வந்துட்டா யாரும் வர மாட்டாங்க." நீங்கள் அவர்களுக்கு ஆள் இருக்கிறது என்று காட்டத் தலையைக் காட்டினீர்கள். நாங்கள் யாரும் எங்களைத் தேடி வந்துவிடக் கூடாது என்று காட்டுகிறோம்.

போன மாதம் பெரியப்பாவின் மச்சினர் மகளுக்குக் கல்யாணம், புக்கிட் மெர்தாஜாமில் ஒரு டேவான் மண்டபத்தில். அம்மா வேலையிலிருந்து வந்து குளித்துவிட்டு அப்படியே கிளம்பினார். மண்டபத்தில் மேடையைப் பார்த்துக்கொண்டே கண்ணை மூடிவிட்டார். நான் முழங்கையால் இடித்துக்கொண்டே இருந்தேன். பெரியப்பா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அம்மா என்ன, வாடிப்போன மாதிரி இருக்கு?"

"காலையில சீக்கிரம் எழுந்துட்டாங்க பெரியப்பா."

"வேலை பகல்லதானே?"

"ஆமா பெரியப்பா."

"ராத்திரி ரெண்டு பேரும் கதவை நல்லாப் பூட்டிட்டுத் தூங்கறீங்கல்ல?"

"ஆமா பெரியப்பா."

அவர் எழுந்து போனார். கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் எனக்கு ஐஸ்கிரீம் இருந்தது. அது உருகும் வரை கையிலேயே வைத்திருந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் பிளாட்டில் இரண்டாம் மாடி பவானி ஆண்ட்டியை உங்களுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்துக் குடும்பம், வக்கீல் ஆபீசில் வேலை, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. படுத்த படுக்கையாக இருந்த அவர் அம்மாவைத் தனியாகப் பார்த்துக்கொண்டார். லிப்ட் கெட்டுப்போன ஒரு நாள் அந்தப் பாட்டியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு நீங்கள்தான் கீழே இறங்கினீர்கள். அந்தப் பாட்டி போன வாரம் தவறிவிட்டார்.

அம்மா வேலைக்குப் போகிற அவசரத்தில் சொன்னார்: "அப்பா இருந்தா மொத ஆளாப் போயிருப்பாரு. எனக்கு பஸ் வந்துடும். நீ போய்த் தலையைக் காட்டிட்டு வந்துடு. யாராவது என்னைக் கேட்டா தலைவலின்னு சொல்லு. ரொம்ப நேரம் உக்காராத."

தனியாக ஒரு சாவு வீட்டுக்குப் போவது எனக்கு அதுதான் முதல் தடவை. எல்லாம் உங்களைப் போலவே செய்தேன். உள்ளே போய் பவானி ஆண்ட்டியின் கையைப் பிடித்தேன். ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அடுத்த கூட்டம் வந்தபோது எழுந்தேன். ஆனால் என் தோளைத் தொட யாரும் இல்லை. நான் முடிவு செய்ததுதான் ஞாபகத்துக்கு வந்தது. நேராக ஆண்ட்டியிடம் போய், மரியாதையாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "போயிட்டு வர்றேன் ஆண்ட்டி," என்றேன்.

எதிர் வீட்டு சரசு அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டார்.

"ஐயையோ, என்ன புள்ள இது! சாவு வீட்டுல வந்து போயிட்டு வர்றேன்னு சொல்லுது! மறுபடி ஒரு சாவுக்கு வர்றேங்கிறியா? பாரம் போர் படிக்கிற பதினாறு வயசுப் புள்ளதானே லா? உங்கம்மா சொல்லித் தரலியா? எங்க உங்கம்மா?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அப்பா. துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளக் கூடாது. அது முறை. உங்கள் துக்கத்துக்கு வந்தவர்கள் யாரும் நழுவிப் போகவில்லை. முறைப்படிதான் போனார்கள். நீங்கள் கல்யாண வீட்டிலும் சொல்லவில்லை, சாவு வீட்டிலும் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் வித்தியாசம் இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? உங்களோடு எத்தனை துக்க வீட்டுக்கு வந்திருக்கிறேன்! ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா?

பவானி ஆண்ட்டி அழுது வீங்கிய கண்ணோடு நிமிர்ந்து பார்த்தார். "விடுங்கோ அக்கா. வாறன் எண்டுதானே சொன்னவ. வரட்டும்," என்றார். என்னைப் பார்த்து, "வா பிள்ளை," என்று தலையை ஆட்டினார். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறி ஓடிவந்துவிட்டேன்.

அந்த ராத்திரியை எப்படிச் சொல்வது? மறுபடி ஒரு சாவு என்றால் யாருடையது? எனக்கு இருப்பது ஒரே ஒரு ஆள். தொழிற்சாலைக்குள் எங்கேயோ நிற்கிறார். அம்மாவின் நம்பரைக் கூப்பிட்டேன். அது அடித்தது, அடித்து நின்றது. எடுக்க மாட்டார் என்று தெரிந்தும் மறுபடி மறுபடி கூப்பிட்டேன். தண்ணீர்க் குழாய் சத்தம் போட்டாலும் எழுந்து உட்கார்ந்தேன். விடிந்த பிறகு பஸ் வரவில்லை. பள்ளிச் சீருடை போட்டுக்கொண்டு வாசற்படியிலேயே நின்றேன். வெகுநேரம் கழித்து அம்மா வந்தார்.

"பஸ் டயர் பஞ்சர் லா. ஏன் இன்னும் போகல நீ? என்ன இத்தனை மிஸ்ட் கால்?"

"கை பட்டுடுச்சும்மா," என்றேன். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

யாரிடம் கேட்பது? கூகுளில் தேடினேன். ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள். சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ள வழி இருந்தால் அது அந்த வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. நேற்று, அம்மா பஸ் ஏறியதும் இரண்டாம் மாடிக்கு இறங்கினேன். கதவைத் தட்டினேன்.

பவானி ஆண்ட்டி திறந்தார். வாடகை நாற்காலிகளை எடுத்துப் போய்விட்டார்கள். கூடத்தில் அந்தக் கட்டில் மட்டும் மெத்தையைச் சுருட்டி வைத்தபடி கிடந்தது.

"வந்திட்டியே!" என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். "இவ்வளவு சனம் வந்தவை. எல்லாரும் சொல்லாமல் எழும்பிப் போட்டினம். முறை அதுதான், பிழை இல்லை. ஆனால் சனம் போன பிறகு நான் கதவைப் பாத்துக்கொண்டு இருந்தனான். வாறன் எண்டு சொன்னது நீ ஒருத்திதான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் சொன்னதால் எங்கள் வீட்டில் ஏதாவது நடந்துவிடுமா என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாது பிள்ளை," என்றார். பிறகு கட்டிலைப் பார்த்துக்கொண்டு, "அந்தக் கணக்கில பாத்தாலும் முதல்ல என்ரை முறைதான். இந்த வீட்டில மிச்சம் நான் மட்டும்தானே. வரிசையில நீ ஏன் முந்துறாய்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. சாவு வீட்டில் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

மைலோ கலக்கிக் கொடுத்தார். பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிட்டோம். அவர் வாரக்கணக்கில் யாரிடமும் பேசாதவர் மாதிரிப் பேசினார். நானும் பேசினேன். என் குரலே எனக்குப் புதிதாகக் கேட்டது. பள்ளியில் பேசுகிறேன்தான். ஆனால் இருட்டின பிறகு நான் வாய் திறந்து பேசியே எத்தனை நாளாகிறது!

"அம்மா தேடமாட்டாவோ?" என்று கேட்டார்.

"தூங்குறாங்க ஆண்ட்டி. தலைவலி."

அவர் என் கிளாஸை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். அங்கிருந்தபடியே சொன்னார்: "இந்த ஜன்னலால ரோட்டு தெரியும். உங்கட அம்மா பஸ் ஏறுற நேரமும், எங்கட அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கிற நேரமும் ஒண்டு. ஒவ்வொரு நாளும் பாக்கிறனான்."

இத்தனை கல்யாணத்துக்கு, இத்தனை டேவானுக்குப் போய்க் காட்டிய தலை எல்லாம் வீணாகிவிட்டது. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க ஆண்ட்டி. பெரியப்பா என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாரு," என்று கெஞ்சினேன்.

"நான் ஆருக்குச் சொல்ல? என்னோட ஆர் கதைக்கினம்?" கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். "பயமா இருக்கோ, ராத்திரியில?"

இத்தனை மாதத்தில் இதை யாரும் கேட்கவில்லை, அப்பா. ஒரே ஒருவர்கூடக் கேட்கவில்லை.

"இல்ல," என்றேன்.

"எனக்கு இருக்கு," என்றார் பவானி ஆண்ட்டி.

நான் கிளம்பும்போது வாசலில் நிறுத்தினார். அம்மாவுக்கு வேலை இருக்கிற ராத்திரிகளில் நான் அங்கே வந்து படிக்கலாம், படுத்துக்கொள்ளலாம் என்றார். "ஆனால் அம்மாட்டக் கேட்டுட்டு வா. களவா வேண்டாம்."

அதனால்தான் இன்றைக்குப் போகவில்லை. இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். கேட்பது சுலபமில்லை, அப்பா. ஏன் என்று அம்மா கேட்பார். பவானி ஆண்ட்டிக்கு எல்லாம் தெரியும் என்று சொல்ல வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அது தெரிந்தால் பெரியப்பா கூப்பிடவே வேண்டாம், அம்மாவே என் துணிகளை மடித்து வைத்துவிடுவார். அவர் அப்படிப்பட்டவர்தான். பிறகு இந்த வீட்டில் அம்மா பகலில் தனியாகத் தூங்குவார், நான் பாலத்துக்கு அந்தப் பக்கம் யார் வீட்டுக் கட்டிலிலோ கிடப்பேன். நீங்களும் இல்லாமல், நாங்களும் சேர்ந்து இல்லாமல் போய்விடுவோம்.

ஒவ்வொரு நாளும் காலையில் அம்மா சாவி போடுகிற சத்தம் கேட்டதும் நான் தூங்கி எழுந்த மாதிரி தலைமுடியைக் கலைத்துக்கொண்டு வெளியே வருவேன். "நல்லாத் தூங்கினியா?" என்பார். "ம்," என்பேன். சீருடை, பை, கிளம்பிவிடுவேன். எல்லாம் சேர்ந்து பத்து நிமிடம். என் அம்மாவுக்கே நான் தலையைக் காட்டிவிட்டு ஓடிக்கொண்டிருக்கிறேன் என்பது நேற்று படியேறி வரும்போதுதான் உறைத்தது.

அவரும் எனக்கு அப்படித்தானா? டயர் பஞ்சர் என்றதெல்லாம் உண்மைதானா? பஸ்ஸில் வரும்போது அவர் அழுகிறாரா? எனக்குத் தெரியவில்லை. நானும் கேட்டதில்லை.

வெளியே வெளுத்துக்கொண்டு வருகிறது. கீழே தோசைக் கடைக்காரர் மேசை இழுத்துப் போடும் சத்தம் கேட்கிறது. நான் போய் ஹால் விளக்கைப் போட்டுவிட்டு வந்தேன். இன்றைக்குத் தூங்கின மாதிரி நடிக்கப் போவதில்லை. அம்மா கதவைத் திறக்கும்போது நான் ஹாலில் உட்கார்ந்திருப்பேன்.

இதோ உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன், அப்பா. முதலில் அவரை உட்கார வைப்பேன். பஸ் எப்படி வந்தது, கால் வலிக்கிறதா என்று கேட்பேன். பிறகு, பயமாக இருக்கிறது அம்மா என்று சொல்வேன். பள்ளிக்கு நேரமாகிவிட்டாலும் பரவாயில்லை. அவர் என்ன பதில் சொன்னாலும், அதைக் கேட்டு முடிக்கிற வரைக்கும் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.

உங்களுக்கும் அம்மாவுக்கும் ஒரே மகள்,
யாழினி